குஞ்சிதபாதம் கடையின் ஆறு நிபந்தனைகள்

மணத்தாங்கல்காரர்கள் யாருக்கும் கெடுதல் நினைக்காதவர்கள். சொன்னால் கேட்பார்கள். சொன்னதைச் சொன்னபடியே கேட்பார்கள். தொல்லை அங்கேதான் தொடங்கும். ஊர் முனைத் தபால் பெட்டியில் ‘காலை பத்து மணிக்கு எடுக்கப்படும்’ என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, பெட்டியை யாரோ தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று ஒன்பதரைக்கே அதைக் கயிறு போட்டுப் புங்கமரத்தோடு கட்டிவைத்தவர்கள் அவர்கள்.

அந்த ஊரிலேயே பெரிய கடை குஞ்சிதபாதம் ஸ்டோர்ஸ். சின்னக் கடையும் அதுதான், வேறு கடை கிடையாது. குஞ்சிதபாதம்தான் முதலாளி. மச்சினன் சிவகடாட்சமும் சித்தப்பா மகன் பூவராகனும் கூட்டு. ஒருவர் யோசித்துச் சொன்னால் மற்ற இருவரும் அதைச் சரிபார்ப்பார்கள். அதனால் அந்தக் கடையில் எந்தத் தப்பும் ஒற்றைத் தப்பாக நின்றதில்லை.

கொஞ்ச நாளாகவே கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. அந்தச் சீமையில் மளிகைக் கடைக்காரர்களும் லைசென்ஸ் வாங்கி மது விற்கலாம். பக்கத்து ஊர் பண்ணைக்குடியில் ஒரு கடைக்காரர் வாங்கிவிட்டார். தேங்காய் வியாபாரி மாசிலாமணி சாயங்காலமானால் அங்கே ஒரு பாட்டில் வாங்கப் போவார். போனவர் சும்மா வருவாரா? வீட்டுக்காரி கேட்ட புளி, மிளகாய், சோப்பு எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். அவரைப் பார்த்து ஊரே அந்தப் பக்கம் போக ஆரம்பித்தது. குஞ்சிதபாதம் கல்லாவில் உட்கார்ந்து, விற்காத புளியைப் பார்ப்பார். புளி அவரைப் பார்க்கும்.

கடைசியில் அவரும் மனு போட்டார்.

மனு போட்டதும் கடைக்கு எதிர்வீட்டு மரகதவல்லி டீச்சர் ஆட்சேபம் போட்டார். முப்பத்திரண்டு வருஷம் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். விசாரணைக்கு லைசென்ஸ் அதிகாரி திலகவதி ஜீப்பில் வந்தார். பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவர். மணத்தாங்கலுக்கு அதுதான் முதல் தடவை.

“எனக்கு இவங்க மேல கோபம் இல்லைங்க,” என்றார் டீச்சர். “குடிக்கிறவங்க கடை முன்னால கும்பலா நிப்பாங்க. சத்தம் போடுவாங்க. காலி பாட்டிலை வாசல்ல எறிவாங்க. பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க கண்ணுல பாட்டில் படும். யாரு கேக்கறது?”

அதிகாரி யோசித்து, ஆறு நிபந்தனைகள் எழுதி, ஒரு மாதத்துக்கு மட்டும் லைசென்ஸ் கொடுத்தார். “மாசக் கடைசியில வந்து பார்ப்பேன். எல்லாம் சரியா இருந்தா நிரந்தரம் ஆக்கறேன். ஒண்ணு மீறினாலும் மூடிடுவேன். இதுல எழுதியிருக்கறதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கணும். புரிஞ்சுதா?”

“எழுத்துக்கு எழுத்துங்கம்மா,” என்றார் குஞ்சிதபாதம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரேஷன் கார்டைத் தவிர அரசாங்கம் அவருக்குக் கொடுத்த முதல் காகிதம் அது. வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினார். அவர் மஞ்சள் தடவி, பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலை மூவரும் கடைக்குள் உட்கார்ந்து காகிதத்தை விரித்தார்கள். பூவராகன் உரக்கப் படித்தார். “கடையின் முன் யாரும் நிற்கக் கூடாது.”

“நியாயம்தான்,” என்றார் சிவகடாட்சம். “நிக்கக் கூடாதுன்னா உட்காரச் சொல்லலாம். நாலு நாற்காலி போட்டுடலாம் மாமா.”

“நாற்காலி?” என்றார் பூவராகன்.

“ஆமா.”

“நாற்காலி என்ன பண்ணும்?”

“என்ன பண்ணும்?”

“நாலு காலால நிக்கும்.”

பூவராகனுக்கு இவ்வளவு புத்தி எங்கிருந்து வந்தது என்று குஞ்சிதபாதத்துக்கு ஆச்சரியம். நல்லவேளை, நாற்காலி வாங்குவதற்கு முன்பே கண்டுபிடித்தார்கள்.

“அப்ப நடக்கட்டும்,” என்று தீர்ப்புச் சொன்னார் குஞ்சிதபாதம். “நடந்துக்கிட்டே வாங்கட்டும்.”

அன்று முதல் மணத்தாங்கலில் கடைக்கு வந்தவர்கள் கடையைச் சுற்றி நடந்தார்கள். முதல் சுற்றில் என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது சுற்றில் காசு. மூன்றாவது சுற்றில் பொட்டலம். மறந்துபோனவர்கள் நாலு, ஐந்து சுற்று. மரகதவல்லி டீச்சர் அரை கிலோ துவரம்பருப்பு கேட்டு வந்தவர், மூட்டு வலியோடு ஒரு சுற்று சுற்றிவிட்டுப் படியருகே மூச்சு வாங்க நின்றார்.

“டீச்சர்! நிக்காதீங்க!” என்று கல்லாவிலிருந்து குதித்து ஓடிவந்தார் குஞ்சிதபாதம். “நீங்க போட்ட ஆட்சேபம்தான் டீச்சர். நீங்களே நிக்கலாமா?”

டீச்சர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

வெளியூரிலிருந்து பஸ்ஸுக்கு வந்த ஓர் அம்மாள், இவ்வளவு பேர் சுற்றுகிறார்களே, சக்தியுள்ள இடம் போலிருக்கிறது என்று தானும் மூன்று சுற்றுச் சுற்றிப் படியில் கற்பூரம் ஏற்றிவிட்டுப் போனார்.

அடுத்ததாக, ‘கண்காணிப்புக் கேமரா வைக்க வேண்டும்’ என்று இருந்தது. கேமரா வாங்கி வாசல் உத்தரத்தில் உள்பக்கம் பார்த்த மாதிரி மாட்டினார்கள். கேமரா வைத்தாயிற்று. யார் கண்காணிப்பது?

“நான் கண்காணிக்கிறேன் அண்ணே,” என்றார் பூவராகன். ஒரு முக்காலியைப் போட்டு அதன் நேர் எதிரே உட்கார்ந்தார். காலையில் கடை திறந்ததிலிருந்து மூடும்வரை அதைக் கண்கொட்டாமல் பார்ப்பார். “ஏதாவது பண்ணுதா?” என்று குஞ்சிதபாதம் அவ்வப்போது கேட்பார். “இதுவரைக்கும் ஒண்ணும் பண்ணலை. ஆனா நம்பிட முடியாது,” என்பார் பூவராகன்.

பெரிய குழப்பம் வந்தது இதற்குப் பிறகுதான். ‘மது பாட்டில்கள் வெளியே தெரியக் கூடாது’ என்று எழுதியிருந்தது. சிவகடாட்சம் தெருவில் போய் நின்று, இல்லை, நடந்து பார்த்தார். தெரிந்தது. சரி என்று ஒவ்வொரு பாட்டிலையும் பழைய செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டினார்கள். அப்போது பூவராகன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்.

“அண்ணே, அதை மட்டும் சுத்தினா, சுத்தியிருக்கறதுதான் மதுன்னு தெரிஞ்சுடாதா?”

தெரிந்துவிடும்தான். ஆகவே நல்லெண்ணெய், நன்னாரி சர்பத், தேன், வினிகர் என்று கடையிலிருந்த எல்லா பாட்டிலையும் சுற்றினார்கள். ஒரே மாதிரி இருந்தன. பார்க்கவே அழகாக இருந்தது.

“நமக்கு அடையாளம் வேணாமா மாமா? மேல எழுதிடலாமே,” என்றார் சிவகடாட்சம்.

“எழுதினா?”

“எதுல எது இருக்குன்னு தெரியும்.”

“தெரியக் கூடாதுன்னுதானேடா சட்டம்!” குஞ்சிதபாதம் பதறிப்போனார். “நமக்குத் தெரிஞ்சு, நாம வாயைத் திறந்து, அது வெளியே தெரிஞ்சுட்டா? நமக்கும் தெரியக் கூடாது. அதான் பாதுகாப்பு.”

மாசிலாமணி அன்றைக்குச் சாயங்காலம் முதல் ஆளாக வந்து சுற்றினார். மூன்றாவது சுற்றில் கைக்கு எட்டிய பாட்டிலைக் கொடுத்தார்கள். அது நன்னாரி. வீட்டுக்குப் போய்த் தாளைப் பிரிக்காமலே அதில் பாதியைக் குடித்த மாசிலாமணி, வழக்கம்போல மாமனாரைத் திட்டி, வழக்கம்போல அழுது, வழக்கத்தைவிட நன்றாகத் தூங்கினார். “உள்ளூர் சரக்கு தலையை வலிக்கவே இல்லை,” என்று மறுநாள் எல்லாரிடமும் சொன்னார். பண்ணைக்குடிக்குப் போவதை அத்தோடு நிறுத்தினார். புளி விற்க ஆரம்பித்தது. குஞ்சிதபாதத்துக்குத் தெம்பு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணிக்கு மரகதவல்லி டீச்சர் வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியர் சங்கக் கூட்டம். பன்னிரண்டு பேர் வருகிறார்கள், வெயில் வேறு. டீச்சர் கடையைச் சுற்றி வந்து ஒரு பாட்டில் நன்னாரி கேட்டார். மூன்றாவது சுற்றில் ஒரு பாட்டில் கிடைத்தது. டீச்சரும் தாளைப் பிரிக்காமலே ஊற்றி, எலுமிச்சம்பழம் பிழிந்து, சர்க்கரை போட்டு, பானைத் தண்ணீர் ஊற்றி, எல்லாருக்கும் கலக்கிக் கொடுத்தார்.

“கொஞ்சம் காரமா இருக்கே,” என்றார் தமிழாசிரியர்.

“பழைய வேர். உடம்புக்கு நல்லது,” என்றார் அறிவியல் ஆசிரியர். இன்னொரு டம்ளர் வாங்கிக்கொண்டார்.

நாலு மணிக்கெல்லாம் சங்கத்தின் இருபது வருஷத்துப் பகைகள் தீர்ந்துபோயின. செயலாளரும் பொருளாளரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நாலரைக்கு மரகதவல்லி டீச்சர் பெஞ்சின் மேல் ஏறிப் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தொடங்கினார். பன்னிரண்டு தொண்டைகள் பின்பாட்டுப் பாடின. பதினாறை இருபதோடு பெருக்கி முடித்ததும் பதினேழாம் வாய்ப்பாட்டுக்குப் போனார்கள். பஸ் நிறுத்தம் வரை கேட்டது.

குஞ்சிதபாதம் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். ‘அக்கம்பக்கத்தார் காதில் சத்தம் விழக் கூடாது’ என்று இருக்கிறதே! கடையில் ஒரு மூட்டை பஞ்சு இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஓடினார். சத்தத்தை நிறுத்துவதைப் பற்றிக் காகிதத்தில் ஒன்றும் இல்லை. காதில் விழக் கூடாது, அவ்வளவுதான். “ஒரு நிமிஷம் தலையைச் சாயுங்க,” என்று சொல்லி, ஆண் பெண் பேதமில்லாமல், தெருவிலிருந்த மற்ற பதினோரு வீட்டுக்காரர்களின் காதிலும் பஞ்சை அடைத்தார். “லைசென்ஸ் நிரந்தரம் ஆகற வரைக்கும் எடுக்காதீங்க,” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் கும்பிட்டுக் கேட்கிற மனிதரிடம் எப்படி மறுப்பது? எடுக்கவில்லை.

அதோடு விட்டதா? பாட்டில் விற்க விற்க, காலி பாட்டில்கள் தெருவில் சேர்ந்தன. ‘கடையிலிருந்து நூறு அடிக்குள் காலி பாட்டில் கிடக்கக் கூடாது.’ இதற்கு மட்டும் விவாதமே இல்லை. சிவகடாட்சம் ஒரு குடம் தண்ணீரும் புனலும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். கிடந்த பாட்டில்களில் எல்லாம் கழுத்துவரை தண்ணீர் ஊற்றி மூடி, எடுத்த இடத்திலேயே திரும்பப் போட்டார். “இப்ப ஒண்ணுகூடக் காலி இல்லை மாமா,” என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போதுதான் கடைசி நிபந்தனை ஞாபகம் வந்தது. அக்கம்பக்கத்தார் புகார் எழுத ஒரு நோட்டு வைக்க வேண்டும். அதை அதிகாரியிடம் காட்ட வேண்டும். நோட்டு இருந்தது. உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை.

“வெறும் நோட்டைக் காட்டினா, வைக்கவே இல்லைன்னு நினைச்சுக்குவாங்க,” என்றார் சிவகடாட்சம்.

“ஒரே ஒரு புகாராவது வேணும் அண்ணே.”

குஞ்சிதபாதத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஊரில் ஒருவருக்குக்கூடத் தன் மேல் குறை இல்லையே என்று நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது. நோட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

“என் மேல ஒரு புகார் எழுதுங்கண்ணே.”

“ஆங்?”

“புகார்! புகார்!”

“யாரு கார்?”

எல்லா வீட்டிலும் இதே கதி. கடைசியில் ஒவ்வொருவராக நோட்டை வாங்கி, தங்களுக்கு உண்மையில் இருக்கிற குறையை எழுதிக் கொடுத்தார்கள். எதிர்வீட்டு டீச்சர் கண்டிப்பாகக் காரசாரமாக எழுதுவார் என்று குஞ்சிதபாதம் நம்பியிருந்தார். டீச்சர் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி, அடியில் சிவப்பு மையால் நூற்றுக்கு நூறு போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்த குஞ்சிதபாதத்துக்கு உயிரே போய்விட்டது. ‘இக்கடையின் நன்னாரி மிக மேன்மையானது. வாரந்தோறும் வாங்க உத்தேசம்.’

“கவுத்துட்டாங்களேடா டீச்சர்!” என்று தலையில் கைவைத்தார்.

குறித்த நாளில் காலை பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரி திலகவதி இறங்கிக் கடைப் படியில் கால் வைப்பதற்குள் சிவகடாட்சம் அலறினார். “அம்மா, நிக்காதீங்க! நடங்க!”

“என்னது?”

“உங்க உத்தரவுதாங்கம்மா. டிரைவர் அண்ணே, ஜீப்பும் நிக்குது, எடுங்க எடுங்க!”

அதிகாரி நடந்தார். குஞ்சிதபாதம் பக்கத்தில் நடந்தார். பின்னால் ஜீப் ஊர்ந்து வந்தது. ஜீப்பைப் பார்த்து, மாசிலாமணியும் ஏதோ விசேஷம் என்று சேர்ந்துகொண்டார். கடையைச் சுற்றியபடியே விசாரணை நடந்தது.

“தெருவெல்லாம் முழு பாட்டிலா கிடக்குதே, என்னய்யா இது?”

“ஒண்ணும் காலி இல்லைங்களேம்மா!” என்றார் குஞ்சிதபாதம் பெருமையோடு.

அதிகாரி அரைச் சுற்று நடந்தார். பிறகு கேமராவில் பதிவானதைக் காட்டச் சொன்னார். உள்ளே போய் டிவி பெட்டியைப் போட்டார்கள். திரை நிறையப் பூவராகனின் முகம். கண் இமைக்காமல் பார்த்தது. அதிகாரி அடுத்த நாளைப் போடச் சொன்னார். பூவராகன். அதற்கும் அடுத்த நாள். பூவராகன், லேசாகக் கொட்டாவியோடு.

“இதுல ஒரு மாசமும் நீங்கதான் இருக்கீங்களா?”

“பதினெட்டாம் தேதி ஒரு தும்மல் வந்துதுங்க,” என்றார் பூவராகன் தலையைக் குனிந்துகொண்டு. “அந்த ஒரு நிமிஷம் கண்காணிக்க முடியலை. மன்னிச்சுக்குங்க.”

அதிகாரி நோட்டை வாங்கினார். முதல் பக்கத்தில் ‘காது கேட்கவில்லை’ என்று இருந்தது. புரட்டினார். ‘எனக்கும் காது கேட்கவில்லை.’ பதினோரு வீட்டுக்கும் அதே குறை. பன்னிரண்டாவதாக டீச்சருடையது.

“நன்னாரியா? அதைக் கொஞ்சம் எடுங்க, பார்ப்போம்.”

“எதுன்னு தெரியக் கூடாதுங்களேம்மா,” என்றார் குஞ்சிதபாதம்.

அதிகாரி தானே ஒரு பாட்டிலை எடுத்துத் தாளைக் கிழித்தார். நல்லெண்ணெய். இன்னொன்று. ரம். மற்றொன்று. நன்னாரி. பொறுமைசாலி என்ற பெயர் அந்த இடத்தில் முடிந்தது. எதிர்வீட்டு டீச்சரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னார். டீச்சர் முதலில் நன்னாரியை மோந்தார். “இது இல்லை,” என்றார். ரம்மை மோந்தார். முகம் மலர்ந்தது. “இதான்! இதே நன்னாரிதான்!”

“டீச்சர், இது ரம்.”

டீச்சர் தூணைப் பிடித்துக்கொண்டார். பதினாறாம் வாய்ப்பாடும் பெஞ்சும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். பிறகு மெதுவாக, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்: “அப்ப, சங்கத்து அடுத்த கூட்டத்துக்கு இது கிடைக்காதா?”

பதினைந்து நாளைக்குக் கடையை மூடி வைப்பது என்று அதிகாரி அங்கேயே உத்தரவு எழுதினார். மூவரையும் வெளியே வரச் சொன்னார். இரட்டைக் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டுப் போட்டு, பூட்டின் மேல் துணி சுற்றி, சிவப்பு அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். கதவில் ஒரு காகிதத்தையும் ஒட்டினார். “பதினஞ்சு நாள் கழிச்சு ஆபீஸுக்கு வாங்க, பேசலாம். அதுவரைக்கும் இந்தக் கதவைத் திறக்கக் கூடாது. சீலுக்கு ஒரு சேதமும் வரக் கூடாது. வந்தா நீங்கதான் பொறுப்பு.”

“எழுத்துக்கு எழுத்துங்கம்மா,” என்றார் குஞ்சிதபாதம். தெருவில் நின்று பூட்டிய கதவைப் பார்த்தார். இப்போதுதான் புளி விற்க ஆரம்பித்தது. இப்போதுதான் மாசிலாமணி திரும்பி வந்தார். ஆனால் மனிதர் உடைந்துபோகவில்லை. பதினைந்து நாள் சீலைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டால், அம்மா மனம் இளகாதா?

மறுநாள் காலையே வானம் மூடிக்கொண்டது. நாலு சொட்டு விழுந்தது. காகிதத்தின் ஓரம் நனைந்து சுருண்டது. குஞ்சிதபாதம் குடை பிடித்தார், தனக்கில்லை, கதவுக்கு. மழை விட்டதும் ஓர் ஆடு வந்து, ஒட்டிய பசையின் வாசனைக்குக் காகிதத்தை நக்கியது. ஆட்டை விரட்டினால் மாடு வந்தது. மூவரும் மாறி மாறிக் காவல் இருந்தார்கள். மூன்றாம் நாள் வெயிலில் அரக்கு இளக ஆரம்பித்தபோது குஞ்சிதபாதம் கூட்டம் போட்டார்.

“மழையில நனையுது. வெயில்ல உருகுது. ஆடு தின்னுது. இந்தச் சேதத்துக்கெல்லாம் நாமதான் பொறுப்பாம். எப்படிடா பன்னிரண்டு நாள் தள்ளறது?”

“உள்ளே கொண்டுபோய் வெச்சுட்டா பத்திரம்,” என்றார் சிவகடாட்சம்.

“உள்ளே போகணும்னா கதவைத் திறக்கணுமே.”

“ஆமா, அது கூடாது.”

பூவராகன் நெடுநேரம் கதவைக் கண்காணித்துவிட்டுச் சொன்னார். “அண்ணே, சீல் யாரோடது?”

“அரசாங்கத்தோடது.”

“அரசாங்கச் சாமான் நம்மகிட்ட எதுக்கு? அந்த அம்மாகிட்டயே ஒப்படைச்சுடலாம். அவங்க ஆபீஸ்ல நல்ல கூரை இருக்கு. ஆடு வராது.”

குஞ்சிதபாதம் எழுந்து பூவராகனைக் கட்டிக்கொண்டார்.

சிவகடாட்சம் கடப்பாரை கொண்டுவந்தார். கதவைத் திறக்கக் கூடாது அல்லவா, அதனால் கதவைத் தொடவே இல்லை. சுவரைத்தான் இடித்தார்கள். நிலையைச் சுற்றிச் செங்கல் செங்கலாகப் பெயர்த்து, பூட்டு பூட்டியபடி, சீல் வைத்தபடி, நிலையோடு கதவை அலுங்காமல் வெளியே எடுத்தார்கள். அரக்கில் ஒரு கீறல் இல்லை. கடையில் ஒரு மாட்டு வண்டி போகிற அளவுக்கு ஓட்டை. அதை யாரும் கவனிக்கவில்லை. சீலுக்கு மேல் ஓர் ஈரத்துண்டைப் போட்டு, மறுநாள் காலை ஒன்பது மணி பஸ்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

“லக்கேஜா?” என்றார் கண்டக்டர்.

“கதவுங்க. அரசாங்கக் கதவு,” என்றார் குஞ்சிதபாதம். மூன்று டிக்கெட்டும் கதவுக்கு ஒன்றும் வாங்கினார். கதவுக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தார்கள். பன்னிரண்டு மைலும் பூவராகன் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பதினொன்றரை மணிக்கு அதிகாரி திலகவதி தன் அறையில் ஒரு கோப்பில் மூழ்கியிருந்தார். ஏதோ தரையில் தேய்கிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தார். அறைக்கு நட்டநடுவில், மேசைக்கு முன்னால், ஒரு தேக்குக் கதவு நிலையோடு நிமிர்ந்து நின்றது. பூட்டு இருந்தது. தன் கையால் வைத்த சிவப்பு முத்திரை இருந்தது. நிலையின் இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை பிடித்திருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து யாரோ மரியாதையாக மூன்று தடவை தட்டினார்கள்.

“யாரு?” என்றார் அதிகாரி.

“குஞ்சிதபாதம் ஸ்டோர்ஸுங்கம்மா. சீல் உடையாம கொண்டுவந்திருக்கோம். பார்த்துக்குங்க.”

அதிகாரி இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு, கோபமா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரலில் சொன்னார். “குஞ்சிதபாதம், முதல்ல இந்தப் பக்கம் வாங்க. முகத்தைப் பார்த்துப் பேசணும்.”

கதவுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் குசுகுசுவென்று மூவரும் ஆலோசிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் குஞ்சிதபாதம் ரொம்ப வருத்தத்தோடு பதில் சொன்னார்.

“எப்படிங்கம்மா வர்றது? பூட்டியிருக்கே!”